தேதியில் மறைந்த அடையாளம்: வில்கி காலின்ஸ் புதினத்தில் ஆவணமும் சாட்சியமும்

திறவுச்சொற்கள்: பரபரப்புப் புதினம், வில்கி காலின்ஸ், சாட்சியம், ஆவணம், பெண் அடையாளம்

1860களில் இங்கிலாந்தில் செல்வாக்குப் பெற்ற ஒரு புதின வகையைப் ‘பரபரப்புப் புதினம்’ என்பர். இருமணம், போலி ஆவணம், மனநல விடுதியில் அடைத்தல் முதலியவற்றைப் பாழடைந்த கோட்டைகளிலிருந்து பெயர்த்து, சமகாலக் குடும்பங்களுக்குள் கொண்டுவந்தது இவ்வகை. இதன் முன்னோடியான ‘தி வுமன் இன் ஒயிட்’, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை தொடராக வெளிவந்தது.

இப்புதினத்தில் மர்மம் மாந்தரின் மனத்தைவிடத் தாள்களிலேயே மிகுதியும் உறைகிறது. சர் பெர்சிவல் கிளைடின் இரகசியம், தேவாலயத் திருமணப் பதிவேட்டில் அவர் பின்னாளில் புகுத்திய ஒரு பொய்ப்பதிவு. வேறோர் ஊரில் வழக்கறிஞர் ஒருவரிடமிருந்த படியில் அப்பதிவு இல்லாததால் அது வெளிப்படுகிறது.

இதனினும் கூர்மையானது லாராவின் நிலை. அவள் பிள்ளையின்றி இறந்தால் 20,000 பவுண்டு கணவரான பெர்சிவலைச் சேரும். லாராவை ஒத்த தோற்றமுடைய ஆன் கேத்தரிக் நோயுற்று இறக்க, அவளை லாரா என அடக்கம் செய்துவிட்டு, லாராவை ஆன் என்ற பெயரில் மனநல விடுதியில் அடைக்கின்றனர். மீண்டு வந்தவளைச் சிற்றப்பனே அடையாளம் காண மறுக்கிறார். அவளது நினைவும் சிதைந்துள்ளது. எஞ்சுவது ஒரே சான்று: ‘லாரா’ இறந்ததாக மருத்துவர் சான்றளித்த நாள் 1850 ஜூலை 25; அவள் இலண்டனுக்குப் பயணம் செய்ததோ ஜூலை 26. இறந்தவள் மறுநாள் இரயிலேற இயலாது.

ஆனால் அந்த நாள் கணக்கிலேயே காலின்ஸ் தவறினார். 1860 அக்டோபரில் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் மதிப்புரை, முந்தைய நிகழ்வுகளைக் கணக்கிட்டால் லாரா ஆகஸ்ட் 9 அல்லது 10க்கு முன்னர் இலண்டனுக்குப் புறப்பட்டிருக்க முடியாது எனக் காட்டியது. காலின்ஸ் 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் காலவரிசையைத் திருத்தினார். மேலே சுட்டிய நாள்கள் திருத்திய பாடத்திற்குரியவை. இதனை ஆசிரியரின் கவனக்குறைவு என்று மட்டும் கடந்துவிடுவது பொருந்தாது. நீதிமன்றத்தில் போலச் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பேசுவர் எனத் தொடக்கத்திலேயே அறிவிக்கும் புதினம் இது. மதிப்புரையாளர் செய்தது, அப்புதினம் கற்பித்த குறுக்கு விசாரணையையே.

அவ்விசாரணையில் ஒரு சாட்சி மட்டும் அழைக்கப்படவில்லை. வழக்கறிஞர், மருத்துவர், எழுதத் தெரியாத சமையற்காரி ஆகியோர் வாக்குமூலம் தருகின்றனர். கல்லறைக் கல்லுக்குக்கூடத் தனித்த ‘கூற்று’ ஒதுக்கப்படுகிறது. லாராவுக்கு ஒரு கூற்றும் இல்லை. மணமான பெண்ணின் உடைமை பெரும்பாலும் கணவனுக்கே உரியதாயிருந்த அக்காலச் சட்டத்தின் எதிரொலியாக இதனைக் கொள்ளலாம். எனினும் புதினம் அச்சட்டத்தைச் சாடும்போதே அதன் நடைமுறையைப் பின்பற்றுகிறது என்பதே பொருத்தமான வாசிப்பு. லாராவை மீட்பவை வண்டிக்காரனின் சாட்சியமும், அவன் முதலாளியின் பதிவேடும், சதிகாரர் எழுதிய கடிதமும்தாம்.

இறுதியில் ஊரார் முன்னிலையில் கல்லறை வாசகம் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஆன் கேத்தரிக்கின் பெயர் பொறிக்கப்படுகிறது. கீழே அதே நாள்: 1850 ஜூலை 25.