காபல் பழுத்தது, கிராமம் காலியானது

புது தில்லி: உத்தரகண்ட் மலைக் கிராமங்களில் வசந்தம் வந்துவிட்டதை அறிவிப்பது ஒரு பறவையின் குரல். கருங்குயிலின் உறவினமான இந்தியக் குயில்தான் அது. மர உச்சியில் மறைந்திருந்து, நான்கு சுரங்களில் பகலிலும், நள்ளிரவு கடந்தும் ஓயாமல் கூவும். மலை மக்களின் காதில் அது 'காபல் பாக்கோ' என்று ஒலிக்கிறது. 'காபல் பழுத்துவிட்டது' என்பது பொருள்.

காபல், மலைக் காடுகளில் தானாக விளையும் சிறிய செந்நிறப் பழம். பறித்தால் விரைவில் கெட்டுவிடும். எனவே, பெண்களும் சிறுவர்களும் அன்றன்று பறித்துச் சாலையோரங்களில் விற்பது வழக்கம்.

இக்குரலுக்கு ஒரு கதை உண்டு. கூடை நிறையக் காபல் பறித்து வந்த தாய், மகளைக் காவல் வைத்துச் சென்றாள். வெயிலில் பழங்கள் வதங்கிக் கூடை குறைந்தது. மகள் தின்றுவிட்டாள் எனத் தாய் அடித்ததில் சிறுமி இறந்தாள். பின்னர் ஈரம் பட்டதும் கூடை மீண்டும் நிறைந்தது. அந்த மகளே பறவையாகி, தான் தின்னவில்லை என்று முறையிடுவதாக நம்பிக்கை.

இன்று குறைந்து வருவது கூடையல்ல, ஊர். மாநில அரசின் ஊரக வளர்ச்சி மற்றும் இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் அளித்த அறிக்கையின்படி, 2011-க்குப் பின் 734 குடியிருப்புகள் ஆளற்றுப் போயின. பத்தாண்டுகளில் 1,18,981 பேர் நிரந்தரமாக வெளியேறினர். வெளியேறியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் பிழைப்பு; அடுத்து கல்வி, மருத்துவ வசதிக் குறைவு. அல்மோரா, பௌரி கர்வால் மாவட்டங்களின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைந்திருந்தது.

ஆள் குறைந்தால் அரசியல் பலமும் குறையும். 2008 தொகுதி மறுசீரமைப்பில், 70 பேரவைத் தொகுதிகளில் மலைப் பகுதியின் பங்கு 40-லிருந்து 34 ஆகச் சரிந்தது. சமவெளியின் பங்கு 30-லிருந்து 36 ஆனது. மலை மக்களுக்கெனப் போராடி 2000-இல் பெற்ற மாநிலத்தில், பெரும்பான்மை இடங்கள் சமவெளிக்குச் சென்றன. பள்ளியும் மருத்துவமனையும் இல்லாததால் மக்கள் வெளியேறுகின்றனர். வெளியேறுவதால், அவற்றைக் கேட்டுப் பெறும் குரல் அவையில் தேய்கிறது.

மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய தமிழகம், அதற்காகத் தொகுதிகளை இழக்க நேருமோ என அஞ்சுகிறது. பிழைப்பின்றி மக்களை இழந்த மலைப் பகுதியும் அதே அளவுகோலைக் கண்டே அஞ்சுகிறது. தலையெண்ணிக்கையுடன் பரப்பளவையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை அங்கு எழுந்துள்ளது.

கூடை ஏன் குறைந்தது என்று விசாரிக்காமல் தண்டித்தாள் கதையில் வரும் தாய். தொகுதிகளை வரையறுப்போர் அதே தவறைச் செய்யலாகாது.