சேற்றுழவு யந்திரங்களில் கிரீஸ் கசிவும் அதன் பரிகாரமும்

ஏர் மாடு நோயுற்றால் உடையவனுக்கு உடனே தெரிந்துவிடும். தீனியில் வாய் வைக்காது, கண் மங்கும், நுகத்தடியில் தோள் கொடுக்க மறுக்கும். யந்திரமோ நோய் கண்ட பின்னும் பல நாள் உழுதுகொண்டேயிருக்கும். வேலை மிகுந்த ஒரு நாளில் திடீரென்று நின்றுவிடும். நன்செய்ச் சேற்றில் ஓடும் பவர் டில்லருக்கும், டிராக்டரில் பூட்டும் ரோட்டவேட்டருக்கும் அவ்வாறு நிற்குமுன் தோன்றும் முதற்குறி, சுழலும் அச்சின் முனையில் காணும் எண்ணெய்க் கசிவு அல்லது கிரீஸ் கசிவே ஆகும். இக்குறியை உரிய காலத்தில் கண்டு பரிகாரம் செய்யும் முறையை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

காவேரிப் பாசனப் பகுதியில் இதன் அவசியம் அதிகம். மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் மாதம் 12-ந் தேதி தண்ணீர் திறக்கப்படுகிறது. நீர் இருப்பை அநுசரித்து அத்தேதி முன்பின்னாக மாறுவதும் உண்டு. வாய்க்காலில் நீர் வந்ததும் எல்லா வயல்களிலும் ஒரே சமயத்தில் சேற்றுழவு தொடங்கும். குறுவைக்குரிய குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றுக்களைச் சுமார் 18 முதல் 22 நாள் வயதில் நட்டுவிட வேண்டும். வயது கடந்த நாற்று சரியாகத் தூர் கட்டாது. ஆகவே அந்நாட்களில் யந்திரம் ஒரு வாரம் பட்டறையில் கிடந்தால், நஷ்டம் பட்டறைச் செலவோடு நில்லாமல் மகசூலையும் தொடும்.

ஆயில் சீல் செய்யும் வேலை

பெட்டிக்குள்ளிருந்து அச்சு வெளியே வரும் இடத்தில் ஆயில் சீல் என்னும் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் வெளிக்கூடு எஃகுத் தகட்டாலானது. உட்புறத்தில் ரப்பரினாலான மெல்லிய உதடு ஒன்று உண்டு. அவ்வுதட்டைச் சுற்றி ஒரு சிறு சுருள்கம்பி வளையம் இருந்து, உதட்டை அச்சின்மீது சதா அணைத்துக்கொண்டிருக்கும். உள்ளேயுள்ள எண்ணெயை வெளியே விடாமலும், வெளியேயுள்ள சேற்றையும் நீரையும் உள்ளே விடாமலும் காப்பது இவ்வுதடே.

இதன் உழைப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அச்சு நிமிஷத்துக்கு 250 சுற்றுச் சுற்றுவதாகக் கொண்டால், 8 மணி நேர உழவில் அவ்வுதடு ஒரே கோட்டின்மேல் சுமார் 15 கிலோமீட்டர் தூரம் உராய்கிறது. சுத்தமான எண்ணெய்ப் பசை இருக்குமட்டும் இவ்வுராய்வை அது தாங்கும். நுண்மணல் கலந்த சேறு உதட்டினடியில் புகுந்துவிட்டாலோ, ரப்பர் தேய்வதுடன் எஃகு அச்சும் அறுபடத் தொடங்கும்.

கசிவை நிதானித்தல்

வெளியே வரும் எல்லாக் கிரீஸும் நோயின் குறியன்று. ரோட்டவேட்டரின் சுழலச்சுக்கு ஒரு புறம் எண்ணெய் நிரம்பிய கியர் அல்லது செயின் பெட்டியும், மறுபுறம் கிரீஸ் வைக்கும் பேரிங்கும் இருப்பது வழக்கம். பேரிங் புறத்தில் புதுக் கிரீஸ் ஏற்றும்போது பழையது உதட்டோரமாய்ச் சிறிது பிதுங்கி வருவது பல அமைப்புக்களில் இயல்பானதே. அது சேற்றைத் தள்ளிக்கொண்டு வருவதால் நன்மையும் உண்டு. கிரீஸ் ஏற்றாத சமயத்திலும் ஓயாமல் வழிந்தாலும், வழிவது சாம்பல் நிறமாகவோ துருநிறமாகவோ இருந்தாலும், விரலிடையே தேய்க்கையில் மணல் நறநறத்தாலும் அது நோயே.

எண்ணெய்ப் பெட்டியின் புறத்தில் சொட்டு விழுந்தால் அலட்சியம் கூடாது. 10 விநாடிக்கு ஒரு சொட்டு விழுமானால், மணிக்கு 360 சொட்டாகும். ஏறத்தாழ 25 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளைக்கு 8 மணி நேரம் ஓடும் யந்திரம் 10 நாளில் ஒரு லிட்டருக்கு மேல் எண்ணெயை இழந்துவிடும்.

இதனினும் கேடானது, எண்ணெய் போன வழியே நீர் உள்ளே வருதல். இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. யந்திரத்தை இரவு முழுவதும் சமதரையில் நிறுத்தி வைத்து, காலையில் ஓட்டுமுன் பெட்டியின் அடித்திருகைச் சிறிது தளர்த்திப் பார்க்க வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமாதலால் அடியில் தங்கி முதலில் வெளிவரும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், நீர் அதனுடன் கடைபட்டுவிட்டதென்று அறிக. அந்த எண்ணெயில் ஒரு நாளும் யந்திரத்தை ஓட்டலாகாது. பேரிங்குகளும் பற்சக்கரங்களும் விரைவில் கெடும்.

கசிவின் காரணங்கள்

சீலை மாற்றுமுன் காரணத்தைக் காண வேண்டும். காரணத்தை விட்டுச் சீலை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையை விட்டுத் தரையை மெழுகுவதை ஒக்கும்.

முதலாவது, அச்சில் சுற்றிக்கொள்ளும் பொருள்கள். வைக்கோல், புல், நைலான் கயிறு, பிளாஸ்டிக் சாக்கின் இழை முதலியன அச்சைச் சுற்றி இறுகி, சீலின் உதட்டினடியில் நுழைந்து அதை அறுத்துவிடுகின்றன. உரச்சாக்கின் கிழிந்த இழைகளை வரப்பில் போடாமலிருப்பதே இதற்கு நல்ல தடுப்பு.

இரண்டாவது, அச்சில் விழுந்த காடி. பழைய உதடு பதிந்திருந்த இடத்தில் அச்சைச் சுற்றி மோதிரம்போல் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்த்தால் தட்டும். இவ்வாறு காடி விழுந்த அச்சில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் கசிவு நில்லாது. ஒரே பருவத்தில் மூன்று முறை சீல் மாற்றியும் பயனின்றிக் கடைக்காரரை நொந்துகொள்ளும் விவசாயிகள் உண்டு. அவர்களுடைய யந்திரங்களைக் கழற்றிப் பார்க்கையில் குற்றம் பெரும்பாலும் அச்சிலேயே காணப்படுகிறது.

மூன்றாவது, பேரிங் தேய்வு. அச்சின் முனையைப் பிடித்து மேலுங்கீழுமாய் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், துள்ளும் அச்சை ரப்பர் உதடு தொடர்ந்து செல்ல இயலாது. முதலில் பேரிங்கை மாற்றிப் பின்பே சீல் போட வேண்டும்.

நான்காவது, அடைபட்ட காற்றுத் துளை. பெட்டியின் மேல் பிரீதர் என்னும் சிறு துளை இருக்கும். அது சேற்றால் அடைபட்டால், ஓடிச் சூடேறும்போது உள்ளே விரியும் காற்று எண்ணெயைச் சீல் வழியே வெளியே தள்ளும். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் நிற்கையில் காற்றுச் சுருங்கி, வயல் நீரை அதே வழியாய் உள்ளே உறிஞ்சும். பல சமயங்களில் ஒரு குச்சியால் இத்துளையைச் சுத்தம் செய்வதாலேயே கசிவு நின்றுவிடும்.

ஐந்தாவது, அளவுக்கு மிஞ்சிய எண்ணெயும், வரம்பில்லாமல் ஏற்றிய கிரீஸும். இதைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

சீல் மாற்றும் முறை

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, யந்திரத்தை உறுதியான மரக்கட்டைகளின்மேல் தாங்கவைத்த பிறகே சுழலும் பாகத்தில் கைவைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அச்சிலுள்ள வைக்கோலை எடுக்க முயன்று கை கால் இழப்பவர் உண்டு. இவ்விஷயத்தில் அவசரம் சிறிதும் கூடாது.

பழைய சீலைக் கழற்றுமுன் அதன் உதடு எந்தப் பக்கம் நோக்கியிருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்க. எண்ணெயைக் காக்கும் சீலின் சுருள்கம்பியுள்ள முகம் எண்ணெய்ப் பக்கம் நோக்கியிருக்கும். சேற்றைத் தடுக்க வெளியே போடப்படும் சீலின் உதடு பல யந்திரங்களில் வெளிப்புறம் நோக்கியிருக்கும். இம்முகத்தை மாற்றிப் போட்டால் சீல் புதிதாயினும் பயன்படாது.

சீலின்மேல் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 35–52–8 என்றிருந்தால், அச்சின் குறுக்களவு 35, கூட்டின் துளை 52, சீலின் கனம் 8 மில்லிமீட்டர் என்பது பொருள். இம்மூன்றும் ஒத்த சீலையே வாங்க வேண்டும்.

அச்சைத் துடைத்து, துரு இருந்தால் மிக நைசான எமரித் தாளால் சுற்றுவாட்டில் மட்டும் தேய்க்கலாம். நீளவாட்டில் விழும் கீறல் எண்ணெய்க்கு வாய்க்காலாகும். காடி ஆழமற்றதாயிருந்து கூட்டில் இடமும் இருந்தால், புதுச் சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின்னாக அமைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். காடி ஆழமாயிருந்தால், கால் மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு ஸ்லீவை அச்சின்மேல் ஏற்றலாம். அன்றி, லேத்துப் பட்டறையில் அவ்விடத்தை நிரப்பிக் கடைந்து வாங்கலாம்.

சீலைப் பொருத்துகையில், அச்சிலுள்ள சாவிக் காடி அல்லது வெட்டுப்பற்களின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டால் உதடு கிழியாது. உதட்டில் கிரீஸ் தடவாமல் ஒருபோதும் ஏற்றலாகாது. உலர்ந்த உதடு ஓடத் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே கருகிவிடும். இரட்டை உதடுள்ள சீலாயின், இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியிலும் கிரீஸ் நிரப்புக. பின்பு சீலின் விளிம்பளவுள்ள குழாய்த்துண்டு அல்லது தட்டையான மரக்கட்டையை வைத்து, எல்லாப் பக்கமும் சமமாய் இறங்கும்படி மெல்லத் தட்ட வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கம் அடித்தால் கூடு கோணிவிடும்.

கிரீஸ் வைக்கும் முறை

கிரீஸ் எவ்வளவு வைத்தாலும் நல்லதே என்ற எண்ணம் நம்மவரிடம் உண்டு. கையால் அழுத்தும் சாதாரணக் கிரீஸ் கன் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தை எளிதில் உண்டாக்க வல்லது. ஆயில் சீலின் உதடு தாங்கக்கூடியதோ சுமார் அரைக் கிலோ அழுத்தமே. கிரீஸ் வெளியேற வழியில்லாத இடத்தில் பலங்கொண்ட மட்டும் அழுத்தினால், உதடு மடங்கும். அன்றிச் சீலே கழன்று வெளியே வந்துவிடும். ஆகையால் நிப்பிளைத் துடைத்து, அச்சைக் கையால் மெதுவாய்ச் சுழற்றிக்கொண்டே சிறிது சிறிதாய் ஏற்றி, சுத்தமான கிரீஸ் உதட்டோரம் எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். கை கனத்தால் மேலும் அழுத்தாமல் காரணத்தைத் தேடுக.

சேற்றுழவுக் காலத்தில் வேலை முடிந்த மாலையிலேயே கிரீஸ் வைத்தல் சிறந்தது. பகலில் புகுந்த ஈரம் வெளியேறுவதால் இரவில் பேரிங் துருப்பிடியாது. அமெரிக்காவில் லூயிசியானாச் சதுப்புநிலங்களில், ஆழமற்ற சேற்றுநீரில் செலுத்தப்படும் நீண்ட அச்சுள்ள படகு மோட்டார்களுக்கும் இதே நோய் உண்டு. அங்கும் சேறு புகாமல் அச்சைக் காப்பது சீலும் கிரீஸுமே. நீரில் கரையாத ஒரே வகைக் கிரீஸைத் தொடர்ந்து உபயோகிக்க வேண்டும். சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் இளகி ஒழுகிவிடும்.

யந்திரத்தைக் கழுவும்போது மோட்டார்க் குழாய் நீரைச் சீலுக்கு நேராகப் பீச்சுதல் கூடாது. கழற்றிய பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாமல் தகரத்தில் சேர்த்து வைக்க வேண்டும்.

பொது யந்திரங்கள்

கூட்டுறவுச் சங்கங்கள் மூலமும் வேளாண்மைப் பொறியியல் துறை மூலமும் வாடகைக்கு வரும் யந்திரங்கள் பலர் கையில் புழங்குகின்றன. இன்று உழுதவர் கண்ட கசிவை நாளை உழுபவர் அறியார்; கடைசியில் யாருடைய வயலில் நிற்கிறதோ அவர்மேல் பழி விழும். கிராமத்தில் பொறுப்பிலிருப்போர் ஒவ்வொரு பொது யந்திரத்துடனும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கச் செய்வார்களானால் இச்சச்சரவு பெரிதும் நீங்கும். தேதி, ஓடிய மணி, வைத்த கிரீஸ், எண்ணெயின் நிறம், கசிவு உண்டா இல்லையா என்ற ஐந்தையும் ஓட்டுபவர் அன்றன்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

சீலின் விலை சொற்பம். அது காக்கும் பேரிங்கும் பற்சக்கரமும் பெருவிலையுடையன. ஆதலால் வாய்க்காலில் தண்ணீர் வருமுன், வைகாசி மாதத்திலேயே யந்திரத்தைச் சோதித்து, ஒவ்வோர் அளவிலும் இரண்டு புதுச் சீல்களை வாங்கி வைத்துக்கொள்வது உசிதம். அவற்றை ஆணியில் மாட்டினால் உதடு கோணும்; காகிதத்தில் சுற்றி, வெயில் படாத பெட்டியில் படுக்கவைத்துப் பாதுகாக்க வேண்டும்.