சொன்னாரா? சொன்னாராமா?

போர்க்களத்தில் பிறந்த சொற்களுள் சில, போர் ஓய்ந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும் மாய்வதில்லை. அவற்றுள் ஒன்று இன்றளவும் நம் திருச்சபையின்மீது எறியப்படும் கல்லாக இருந்து வருகிறது. 1209-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள பெசியே நகரைச் சிலுவைப்போர் வீரர் கைப்பற்றியபோது, கத்தோலிக்கர் யார், பதிதர் யார் என்று பிரித்தறிவது எவ்வாறு எனத் தங்களுடன் வந்திருந்த மடத்து அதிபரிடம் கேட்டனராம். எல்லாரையும் கொன்றுவிடுங்கள், தம்மவர் யாரென்று ஆண்டவர் அறிவார் என அவர் விடையளித்தாராம்.

கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ இதனை எங்கேனும் படித்துவிட்டு வந்து, "இது மெய்தானா?" என்று வினவினால் பெற்றோர் என்ன சொல்வர்? பொய் என்று சினந்து மறுப்பது எளிது. இருக்கலாம் என்று தலைகுனிந்துவிடுவதும் எளிது. இவ்விரண்டையும் விடுத்து, அச்சொல்லின் ஊற்றைத் தேடிச் செல்வோம்.

அக்காலத்தில் தென் பிரான்சில் கத்தாரர் என்னும் பதிதர் பெருகியிருந்தனர். 1208-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாப்பரசரின் தூதுவரான பியேர் தெ காஸ்தெல்னோ கொலையுண்டார். அதன்மேல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசெந்து அப்பகுதியின்மீது சிலுவைப்போர் அறிவித்தார். சிஸ்தேர்சிய சபையின் தலைமை மடமாகிய சித்தோவின் அதிபர் ஆர்னோ அமல்ரிக் பாப்பரசரின் தூதுவராகப் படையுடன் சென்றார். பெசியே நகரின் ஆயர் இருநூறுக்கும் மேற்பட்ட பதிதர்களின் பெயர்ப்பட்டியலைக் கொண்டுவந்து, இவர்களை ஒப்படையுங்கள், இல்லையேல் நீங்களேனும் வெளியேறுங்கள் என்று கத்தோலிக்கரை வேண்டினார். நகரத்தார் இசையவில்லை. 1209 சூலை 22-ஆம் நாள், மகதலா மரியாளின் திருநாளன்று, நகரம் வீழ்ந்தது.

இனிச் சாட்சிகளை விசாரிப்போம். முதற்சாட்சி ஆர்னோ அமல்ரிக்கே. அவரும் உடனிருந்த மற்றொரு தூதுவரும் அவ்வாண்டிலேயே பாப்பரசருக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. நகரிலிருந்த கத்தோலிக்கரை விடுவிப்பதுபற்றித் தலைவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், படையைத் தொடர்ந்து வந்த கீழ்மக்கள் தலைவர்களின் கட்டளைக்குக் காத்திராமல் மதில்மேல் பாய்ந்தனர் என்கிறது அக்கடிதம். அந்தச் சொல் அதில் இல்லை. போரின் வரலாற்றை எழுதிய பியேர் என்னும் சிஸ்தேர்சியத் துறவியும், அதைச் செய்யுளாகப் பாடிய தூதெலாவின் கில்லோமும் அச்சொல்லைக் குறிப்பிடவில்லை.

பின், அது எங்கிருந்து வந்தது? செருமனி நாட்டில் பான் நகருக்கு அருகே ஐஸ்தர்பாக் என்னுமிடத்தில் ஒரு சிஸ்தேர்சிய மடம் இருந்தது. அங்கு நவசந்நியாசிகளுக்குப் போதகராயிருந்த சேசாரியுஸ் என்பவர், அவர்களுக்கு அறிவு புகட்ட 746 அதிகாரங்கள் கொண்ட புதுமைக் கதைகளின் தொகுப்பு ஒன்றை இயற்றினார். இச்சொல் முதன்முதலில் காணப்படுவது அந்நூலில், பேய்களைப் பற்றிய பகுதியிலேயாம். நிகழ்ச்சி நடந்து ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழித்து, ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவர் எழுதினார். பெசியேயில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்ததாகச் சொல்லப்பட்டது என்றும் எழுதுகிறார். அக்கால நகரொன்றுக்கு இது நம்பத்தக்க கணக்கன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அதிபர் சொன்னார் என்று சேசாரியுஸ் எழுதவில்லை. சொன்னதாகக் கூறப்படுகிறது என்றே இலத்தீன் மொழியில் எழுதினார். நம் தமிழில் "சொன்னாராம்" என்போமே, அதுதான். அவரது நேர்மை அந்த "ஆம்" என்னும் ஓரசையில் அடங்கியிருந்தது. பின்வந்தோர் அதை உதிர்த்துவிட்டனர். "சொன்னாராம்" என்பது "சொன்னார்" ஆயிற்று. கேள்விப்பட்டது கண்டதாக மாறிற்று.

ஆயினும் இது பகைவர் கட்டிய கதை என்று ஒதுக்கவும் இயலாது. சேசாரியுஸ் ஆர்னோவின் சபையைச் சேர்ந்தவர். அவரைப் பழிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை. பொய் சொல்லும் பதிதர் உயிர்தப்பி மீண்டும் பதிதத்திற்குத் திரும்புவர் என்று அஞ்சியே அதிபர் அவ்வாறு கூறினாராம் எனக் காரணமும் காட்டுகிறார். ஆகவே நீதியான தீர்ப்பு இதுவே: அவர் சொன்னார் என்பதற்குப் போதிய சான்று இல்லை, சொல்லியிருக்கவே முடியாது என்பதற்கும் சான்று இல்லை.

இத்துடன் நாம் நிம்மதிப் பெருமூச்சு விடலாமா? அன்று! சொல் ஐயத்திற்குரியது, செயல் ஐயத்திற்குரியதன்று. நிலை, வயது, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வாளுக்கு இரையாயினர் என்று அதே கடிதத்தில் ஆர்னோவே எழுதுகிறார். அதில் துயரத்தின் சாயலும் இல்லை. கடவுளின் பழிவாங்கல் என்றே அதைப் போற்றுகிறார். எண் மிகையானது என்பர் வரலாற்றறிஞர். ஆனால் மகதலா மரியாளின் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோரும் கொல்லப்பட்டனர் என்று மேற்சொன்ன பியேர் துறவியும் எழுதுகிறார். வாக்கியத்தை மறுத்துவிட்டால் இரத்தம் கழுவப்பட்டுவிடாது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் இரண்டாம் யோவான் சின்னப்பர், உண்மைக்கு ஊழியம் செய்வதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் வன்முறையைக் கையாண்ட பாவங்களுக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். அதுவே நமக்கும் வழி.

இன்னொன்றையும் சிந்திப்போம். அந்தச் சொல்லின் பிற்பகுதி வேதாகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. தம்மவரை ஆண்டவர் அறிவார் என்று புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் கூறுகிறார். ஆனால் அதே வசனம் அங்கு முடிவதில்லை. ஆண்டவரின் பெயரைச் சொல்லுகிற எவனும் அநீதியை விட்டு விலகவேண்டும் என்று அது தொடர்கிறது. தம்மவரை ஆண்டவர் அறிவார் என்றால், களையையும் பயிரையும் அறுவடைவரை வளரவிடும்படி நம் ஆண்டவர் உவமையில் சொன்னபடி, தீர்ப்பை அவரிடம் விட்டுவிடுவதன்றோ பொருள்? பாதி வசனத்தை வெட்டியெடுத்தால் இறைவாக்கும் வாளாகிவிடும்.

ஆகையால் பிள்ளைகள் வினவும்போது தயங்காமல் விடை கூறுங்கள். அவர் சொன்னாராம், சொன்னார் என்பது உறுதியன்று, ஆனால் கொன்றார்கள், அது உறுதி. நமக்குச் சாதகமான உண்மையையும் பாதகமான உண்மையையும் ஒரே குரலில் சொல்லும் பெற்றோரின் சொல்லைப் பிள்ளைகள் நம்புவார்கள். நம் வீட்டுத் திண்ணையிலும் கோவில் முற்றத்திலும் பிறரைப்பற்றிக் கேட்டதைச் சொல்ல நேரும்போதும், அந்தச் சிறிய "ஆம்" உதிர்ந்துவிடாமல் காப்போமாக.