தோட்ட அமைப்பாளனும் இணையத்தளமும்

தச்சன் தான் செய்த நாற்காலியைக் கடைவாயிலில் வைத்து விற்கலாம். நெசவாளன் சேலையை விரித்துக் காட்டலாம். தோட்டம் அமைப்பவனுக்கோ இவ்வசதி இல்லை. அவன் செய்யும் பொருள் பிறர் வளவிலே வேரூன்றி நிற்பது. எடுத்துச் சென்று காட்டவியலாதது. அன்றியும், நிறைவெய்தப் பல்லாண்டு வேண்டுவது. பொருளைக் காணுமுன்னரே வாடிக்கையாளர் பணங் கொடுக்க வேண்டியவராகின்றார். எனவே இத்தொழிலில் வேலை தெரிந்தவனும் தெரியாதவனும் முதல்நாளில் ஒரே தன்மையராகவே தோன்றுவர். ஒரு நல்ல இணையத்தளம் இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டுவது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவாம்.

இவ்விடர்ப்பாடு இன்று தோன்றியதன்று. இங்கிலாந்திலே ஹம்பிறி றெப்டன் (1752 - 1818) என்பார் நோர்விச் நகரில் துணி வாணிகஞ் செய்து தோல்வியுற்றார். அந்நாட்டிற் பெரும்புகழ் பெற்ற தோட்ட அமைப்பாளராகிய பிறவுண் 1783இல் இறந்துவிட்டமையின், அவர் விட்ட இடத்தைத் தாம் நிரப்பலாமெனக் கருதி 1788ஆம் ஆண்டில் இத்தொழிலிற் புகுந்தார். அப்போது அவரிடம் காட்டுதற்கு ஒரு தோட்டமேனும் இல்லை. அறிந்தவர்க்கெல்லாங் கடிதம் எழுதினார். தாமே வரைந்த படமொன்றைச் செதுக்குவித்துத் தொழில் அட்டை அச்சிட்டார். நில அளவைக் கருவியருகே அவர் நிற்பதும், வேலையாட்கள் மண்வெட்டியுடன் உழைப்பதும் அதிற் காணப்படும். பெயரும் தொழிலும் வாழும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். யார், என்ன செய்வார், எங்குளார் என்னும் மூன்று வினாக்களுக்கும் அச்சிறு அட்டை விடை கூறிற்று. இன்றைய இணையத்தளங்கள் பலவற்றில் இம்மூன்றையுந் தேடிக் களைத்துப் போகின்றோம்.

அவருடைய பெருங்கருவி 'செந்நூல்' எனப்பட்டது. ஒரு வளவைப் பார்வையிட்டபின், வரைபடமும் நீர்வண்ணப் படங்களும் தம் கையெழுத்திலமைந்த விளக்கமுஞ் சேர்த்து, பெரும்பாலும் செந்நிறத் தோலிற் கட்டுவித்து, உடையவரிடம் அளிப்பார். அப்படங்களில் ஒரு நுட்பம் உண்டு. இன்றைய தோற்றத்தின் ஒரு பகுதி தனித்தாளில் வரையப்பட்டு மேலே ஒட்டப்பட்டிருக்கும். அத்தாளை உயர்த்தினால், அடியிலே வருங்காலத் தோற்றம் வெளிப்படும். உடையவர் கண்டது எங்கோவுள்ள தோட்டத்தையன்று. தம் வாயிலையும் தம் மரங்களையுமே கண்டார். கட்டணமும் மறைபொருளாயிருக்கவில்லை. ஜேன் ஒஸ்ரின் 1814இல் வெளியிட்ட 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலிலே, றெப்டனுக்கு நாளொன்றுக்கு 5 கினி என்று ஒரு பாத்திரமே பேசுமளவிற்கு அது தெரிந்திருந்தது.

செந்நூலின் அந்நுட்பமே இன்று 'முன், பின்' என்னும் இரு புகைப்படங்களாக இணையத்தளங்களில் வாழ்கின்றது. அதில் ஏமாற்றுக்கும் இடமுண்டு. றெப்டன் 1816இல் வெளியிட்ட நூலொன்றிலே தம் குடிசையின் முன்றிலை வரைந்தார். மேல்தாளில் எதிரே இறைச்சிக்கடையும் வேலியோரம் இரவலனும் உளர். தாளை உயர்த்தினாற் கடையை மலர்கள் மறைக்கின்றன, இரவலனையுங் காணோம். படம் அழகியதுதான். இரவலன் எங்கே போனான் என்று நாம் கேட்டல் தகும்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவைச் சிறிது மாற்றிக் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியிற் புகைப்படம் எடுத்தால் எவன் அமைத்த புற்றரையும் பச்சையாகவே இருக்கும். ஆவணி வெயிலில் அதே இடம் எவ்வாறிருந்தது? வற்றாத ஆறில்லாத நம் நாட்டிலே தோட்டத்திற்கு நீர் கிணற்றிலிருந்தே வருதல் வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர். ஆதலின், ஒரே வளவை மாரியிலும் கோடையிலும், வேலை முடிந்த அன்றும் ஈராண்டின் பின்னும் எடுத்த படங்களை ஊர்ப்பெயருடனும் மாதத்துடனும் வெளியிடுபவனே தன் தொழிலை மெய்யாகக் காட்டியவனாவான். உவர்நீரைத் தாங்கிய மரம் எது, பட்டுப்போனது எது என்று அவன் நான்கு வரி எழுதுவானாயின், அயலூரார்க்கு நூறு விளம்பரத்தினும் அது பயன்படும். பிறநாட்டுத் தோட்டப் படங்களை எடுத்து ஒட்டுவோர் இதனை உணர்ந்திலர்.

இனி, அயலார் அத்தளத்தைக் காணும் வழி. கூகிள் நிறுவனம் அயற்பகுதித் தேடலில் பொருத்தம், தூரம், பெயர்ப்பேறு ஆகிய மூன்றையும் முதன்மையாக நோக்குவதாகத் தானே கூறுகின்றது. தூரத்தை நாம் மாற்றவியலாது, பொருத்தத்தை மாற்றலாம். நல்லூர், மானிப்பாய், சாவகச்சேரி என வேலை செய்த ஊர்களையும், புல் பதித்தல், இன்ரர்லொக் கல் பதித்தல், மரம் வெட்டுதல் எனச் செய்யும் வேலைகளையும், மக்கள் வழங்குஞ் சொற்களால், ஆங்கிலத்துடன் தமிழிலும் எழுதிவைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு படத்தினுள்ளே அச்சடித்து ஏற்றினால், தேடுபொறி அவற்றை உறுதியாக வாசிக்குமென்று நம்பியிருத்தல் கூடாது. கூகிளின் தொழிற் பக்கத்தையும் பதிந்துகொள்ளலாம், அதற்குக் கட்டணமில்லை. கடையில்லாதோர் வீட்டு முகவரியை மறைத்து, தாம் சென்று வேலை செய்யும் பகுதிகளை மட்டுங் குறிக்கவும் அதில் இடமுண்டு.

'அயலார்' என்பதன் பொருளும் இந்நாளில் விரிந்துளது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர்க்கு வளவு கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் கிடக்கின்றது. அவர்கள் தேடுகையில் தம் இருப்பிடத்தையன்றி வளவின் ஊரையே தட்டெழுதுவர். அவ்வூர்ப் பெயர் தளத்தில் இல்லையேல் அவ்வமைப்பாளனை அவர்கள் அறியார். வேலையை நேரிற் பார்வையிட இயலாத அவர்கட்குத் திகதியிட்ட படங்களே கண்கள்.

வாடிக்கையாளர் தாமே எழுதும் மதிப்புரைகளைக் கேட்டுப் பெறலாம். விலைகொடுத்துப் பெறுதல் கூகிளின் விதிக்கு மாறானது. குறைகூறி எழுதியவர்க்கும் அமைதியாக மறுமொழி எழுதுபவனைக் கண்டால் எமக்கு நம்பிக்கை கூடுகின்றது. பெரும்பாலோர் கைத்தொலைபேசியிலேயே பார்ப்பராதலின் படங்களைச் சுருக்கி ஏற்றுக. தொலைபேசி இலக்கம் தொட்டவுடன் அழைக்கத் தக்கதாய் மேலேயே நிற்க. விலையை முற்றாகக் கூறவியலாவிடினும், பார்வையிட வருவதற்குக் கட்டணம் உண்டோ இல்லையோ என்பதையாயினும் கூறுக.

றெப்டன் தீட்டிய திட்டங்கள் யாவும் நிலத்தில் நிறைவேறவில்லை. பிறவுண் வேலையையும் ஒப்பந்தமாக ஏற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். றெப்டனோ பெரும்பாலும் ஆலோசனையோடு நின்றார். செந்நூலைப் பெற்ற செல்வர் அதைப் புரட்டி மகிழ்ந்து பேழையில் வைத்துவிடலாம். அதுபோலத் தளத்தைக் கண்டோர் தொகையை மட்டும் எண்ணிக்கொண்டிராது, எத்தனைபேர் அழைத்தனர், எந்த ஊரார், எப்படத்தைக் கண்டு அழைத்தனர் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவருதல் நன்று. அடுத்த மாரிக்கு முன் எப்பக்கத்தைத் திருத்த வேண்டுமென்பது அக்கொப்பியில் இருக்கும்.