உழவுக் கருவிகளும் ஊர்ப் பெயர்களும்

தணிக்கையின் பொருட்டு நாம் சென்றிருந்த ஒரு கிராமச் சங்கத்தின் கிடங்கிலே, வர்ணம் மங்காத இரட்டைச் சட்டிக் கலப்பையொன்று மூலையில் கிடந்தது. அதன்மேல் வெற்றுச் சாக்குகள் அடுக்கப்பட்டிருந்தன. வாங்கி ஓராண்டு கழிந்தும், வாடகைப் பதிவேட்டில் அதன் பெயரில் ஒரு வரவும் இல்லை. காரணம் வினவினோம்.

"ஐயா, நாங்கள் எழுதியதும் சட்டிக் கலப்பைதான், வந்ததும் சட்டிக் கலப்பைதான். ஆனால் நாங்கள் கேட்டது இதுவல்ல" என்றார் செயலாளர்.

விஷயம் இதுதான். கிண்ணம்போல் குழிந்த இரும்புத் தட்டுகள் இரண்டோ மூன்றோ தனித்தனியே சாய்வாகப் பொருத்தப்பட்டு, இறுகிய நிலத்தை ஆழமாகப் புரட்டும் கருவியையே பொதுவாகச் சட்டிக் கலப்பை என்பர். அவ்வூர் அங்கத்தினருக்கு வேண்டியிருந்ததோ, ஒரே அச்சில் பல தட்டுகளை வரிசையாகக் கோத்து, உழுத நிலத்தின் கட்டிகளை உடைக்கும் பலுகு. அதிலும் சட்டிகள் இருப்பதால் அதையும் அவர்கள் சட்டிக் கலப்பை என்றே வழங்கி வந்தார்கள். விற்றவரிடம் பிழையில்லை, சங்கத்திலும் மோசடியில்லை. தீர்மானத்தில் இருந்த ஒரு சொல்லை இரு ஊரார் இரு விதமாகப் பொருள் கொண்டனர். முடங்கியதோ அங்கத்தினரின் பங்குத் தொகை.

இத்தகைய வேறுபாடு தமிழ் வழங்கும் இடமெல்லாம் உண்டு. சேற்று வயலைச் சமன் செய்வதைத் தஞ்சைப் பக்கத்தில் பரம்படித்தல் என்பர். நாஞ்சில் நாட்டில் மரமடித்தல் என்பர். டிராக்டர் வந்த பின்னரும் அவ்வழக்கு மாறவில்லை. கொக்கிக் கலப்பையைச் சிலர் கொழுக்களை எண்ணி, 'ஐந்து கலப்பை', 'ஒன்பது கலப்பை' என்கிறார்கள். சிலர் 'ஒன்பது கொத்து' என்கிறார்கள். சேற்றுழவில் டிராக்டருக்குப் பூட்டும் கூண்டுச் சக்கரம் சிலருக்கு இரும்புச் சக்கரம். சிலருக்குக் கேஜ் வீல். கடல் கடந்து யாழ்ப்பாணம் சென்றால், டிராக்டரே உழவு இயந்திரம் ஆகிவிடுகிறது. இரு சக்கரச் சிறு யந்திரத்தை அங்கே லாண்ட்மாஸ்டர் என்பர். நம் பக்கத்தில் அதற்குப் பவர் டில்லர் என்று பெயர்.

கம்பெனியின் பெயரே கருவியின் பெயராக நிலைத்துவிடுவதும் உண்டு. சுழல் கலப்பைக்கு நாம் வழங்கும் ரோட்டவேட்டர் என்னும் சொல், ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு என்ற ஆஸ்திரேலியர் கண்ட யந்திரத்துக்கு அவருடைய கம்பெனி சூட்டிய வணிகப் பெயராகும். ஜேசிபி என்பது 1945இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரெழுத்துகள். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். இன்று எக்கம்பெனி செய்ததாயினும், மண் தோண்டும் யந்திரம் நம் கிராமங்களில் ஜேசிபி அல்லது பொக்லைன் என்றே அழைக்கப்படுகிறது.

காடு திருத்தும் வேலையில் இக்குழப்பம் இன்னும் அதிகமாகச் செலவு வைக்கும். சீமைக் கருவேலத்தையே எடுத்துக் கொள்வோம். சில ஊர்களில் அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மரம் அது. ஆகையால், 'மரம் அகற்ற யந்திரம்' என்று மட்டும் எழுதினால் போதாது. புல்டோசரின் முன்பலகை மண்ணைத் தள்ளிச் சமன் செய்வதற்கு ஏற்றது. தோண்டும் யந்திரத்தின் வாளியோ அடிக்கட்டையை வேரோடு பெயர்ப்பதற்கு ஏற்றது. எந்த வேலைக்கு எது வேண்டும் என்பதை எழுதாமல் மணிக்கணக்கில் வாடகை கொடுத்தால், அடுத்த மழைக்குப் பின் அதே காட்டை மறுபடி காண நேரும்.

நம் நெசவாளத் தோழர்கள் இவ்விஷயத்தில் முன்மாதிரியாக இருக்கிறார்கள். நூல் வாங்கும்போது 'மெல்லிய நூல்' என்று எவரும் தீர்மானம் எழுதுவதில்லை. 40ஆம் நம்பர், 60ஆம் நம்பர் என்றே எழுதுகிறார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே பருத்தி நூலின் நம்பர். சேலத்திலும் காஞ்சிபுரத்திலும் அதன் பொருள் ஒன்றே. உழவரும் அவ்வழியைப் பின்பற்றலாம்.

கருவி வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ தீர்மானம் எழுதும்போது ஐந்து விவரங்களைச் சேர்த்து எழுதும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக் கொள்கிறோம்: ஒன்று, ஊரில் வழங்கும் பெயர்; இரண்டு, கருவி செய்ய வேண்டிய வேலை; மூன்று, கொழு அல்லது தட்டுகளின் எண்ணிக்கை; நான்கு, உழ வேண்டிய ஆழம்; ஐந்து, இழுக்கும் டிராக்டரின் குதிரைத்திறனும் அதன் மூன்று முனை இணைப்பின் அளவும். கூடுமாயின் ஒரு படத்தையும் இணைக்கலாம். பணம் செலுத்துமுன், டிராக்டர் ஓட்டும் அங்கத்தினர் ஒருவர் கருவியை நேரில் பார்த்துவர வேண்டும்.

இதற்காக ஊர்ப் பெயர்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. பொதுக் குழுவில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அங்கத்தினருக்குப் புரியாத பெயரில் ஒரு கருவியை வாங்குவதும் கூட்டுறவாகாது. அவருடைய சொல்லே முதலில் நிற்கட்டும். அளவு அதன் பின்னே வரட்டும்.

மறுமுறை அச்சங்கத்துக்குச் சென்றபோது கிடங்கின் அந்த மூலை காலியாக இருந்தது. மானாவாரிக் கரிசல் நிலம் மிகுந்த அண்டைச் சங்கம் ஒன்று கலப்பையை வாடகைக்கு எடுத்துச் சென்றிருந்தது. செயலாளர் பதிவேட்டைத் திறந்து முதல் வரவைக் காட்டினார். 'சட்டிக் கலப்பை' என்று எழுதி, அதனருகே, 'இரண்டு தட்டு; ஆழ உழுவதற்கு மட்டும்' என்று சேர்த்திருந்தார்.