பல்லவமல்லன் அரியணை ஏறிய கதை

மாமல்லபுரம் அருகிலேயே இருப்பதால் கேளம்பாக்கம் பகுதிக் குழந்தைகளுக்கு மாமல்லன் என்ற பெயர் நன்கு பழகியது. அதனாலேயே பல்லவமல்லன் என்றதும், "ரெண்டு பேரும் ஒருத்தர்தானே சார்?" என்பார்கள். மாமல்லன் என்பவர் முதலாம் நரசிம்மவர்மன் (கி.பி. 630–668). பல்லவமல்லன் என்பவர் இரண்டாம் நந்திவர்மன். 731 வாக்கில் அரசரானவர். மாமல்லனின் நேர் வாரிசும் அல்லர். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவர். பல்லவர் பாடத்தில் மகேந்திரவர்மனுக்கும் மாமல்லனுக்கும் தரும் நேரத்தில் கொஞ்சம் இவருக்கும் தரலாம் என்பது என் கருத்து. வரலாற்றுச் சான்றை எப்படிப் படிப்பது என்று கற்பிக்க இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்ததும் காஞ்சியில் அரியணை காலியானது. பிறகு நடந்ததைக் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபச் சுவரில் வரிசையான சிற்பங்களாகக் காணலாம். சில சிற்பங்களுக்கு அருகே விளக்கமும் பொறித்திருக்கிறார்கள். மாத்திரர், மூலப்பிரகிருதியார், கடிகையார் ஆகியோர் இரணியவர்மனிடம் சென்று அரசர் வேண்டும் என்கிறார்கள். மூத்த மகன்கள் மறுக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைசி மகன், நான் போகிறேன் என்கிறான். தந்தை தயங்குகிறார். பிறகு மலை, ஆறு, காடு கடந்து காஞ்சி வந்து முடிசூடுகிறான். காசாக்குடிச் செப்பேடும் இவரைக் குடிமக்கள் தேர்ந்தெடுத்தவர் என்கிறது.

இதை மக்களாட்சித் தேர்தல் என்று சொல்லிவிட வேண்டாம். உத்திரமேரூர்க் குடவோலை முறையோடும் சேர்க்க வேண்டாம். அது சோழர் காலத்து ஊராட்சி ஏற்பாடு. இங்கே பேசியவர்கள் அரசியல் செல்வாக்குடையோரும் கடிகையின் கல்வியாளர்களும்.

உதயேந்திரம் செப்பேட்டையும் அருகில் வைத்தால் பாடம் சூடுபிடிக்கும். நந்திபுரத்தில் முற்றுகையில் சிக்கிய நந்திவர்மனைப் படைத்தலைவன் உதயசந்திரன் மீட்டான். பல்லவ அரசன் சித்திரமாயனைக் கொன்றான் என்கிறது அது. என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாரும் ஒத்துக்கிட்டா, அப்புறம் ஏன் சார் முற்றுகை போட்டாங்க?" சித்திரமாயன் அரியணைக்கு உரிமை கோரிய மற்றொரு பல்லவன் என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். சிற்பத்தில் அந்தப் போட்டியாளன் இல்லை. கோயிலைக் கட்டியவர் நந்திவர்மனே என்பதைச் சொன்னதும் வகுப்பு தானாகவே புரிந்துகொண்டது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் இப்படி ஒன்று நடந்தது. 751இல் பிராங்கியர் தங்கள் அரசர் மூன்றாம் சில்டெரிக்கின் முடியை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டு, பிப்பினை அரசராக்கினர். பிராங்கியர் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்ததாகவே அரச ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பைத் தொகுத்தது பிப்பினின் மகன் சார்லமேன் காலத்தில்.

நந்திவர்மனைப் பற்றி எதிரி தரப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் திருப்பித் தந்ததை அக்கோயிலிலேயே கன்னடத்தில் பொறித்தான். தோற்ற செய்தியை நந்திவர்மனின் சிற்பங்களில் தேட வேண்டாம். என்றாலும் ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டவர் அவர். காஞ்சிக்குக் களப்பயணம் போனால் இரு கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மணற்கல் தேய்ந்திருப்பதால் சிற்ப வரிசையின் படத்தை முன்பே வகுப்பில் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.