ஆயாவின் குண்டு மிளகாயில் நாகா கலந்த கதை

அப்பாவுக்கு 74 வயசு. ராத்திரி தயிர்சாதத்துக்கு மோர் மிளகாய் இல்லாமல் ஆகாது. 2024 ஏப்ரலில் ஒரு நாள், ஒரு மிளகாயைக் கடித்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, நிற்காத விக்கல், பேச்சே வரவில்லை. நான் பதறிப்போய் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அது தப்பு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். அம்மா தயிர்க் கிண்ணத்தை அப்படியே நீட்டினாள், அதுதான் சரி. அரை மணி நேரம் கழித்து அப்பா கேட்ட முதல் கேள்வி: "இன்னாத்த போட்ட இதுல?"

அம்மா என்னைத்தான் பார்த்தாள். பதில் மொட்டைமாடியில், என் தொட்டியில் இருந்தது.

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு புவனகிரி வீட்டு மாடியில் செடி வளர்க்க ஆரம்பித்தேன். கத்திரி, வெண்டையெல்லாம் ஒரு வருஷத்தில் அலுத்துவிட்டது. 2022 ஜூனில் நாகா மிளகாய் விதை வாங்கினேன். அஸ்ஸாமில் பூத் ஜொலோக்கியா என்பார்கள், நாகாலாந்தில் நாகா மிர்ச்சா. நாகாலாந்துக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் உலகத்திலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது, 10 லட்சம் ஸ்கோவில் அலகுக்கு மேல். இன்றைய சாம்பியன் பெப்பர் எக்ஸ், 2023 கணக்குப்படி 26,93,000. அதன் முன்னால் நாகா சாதுதான். ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாது.

வளர்ப்பு பற்றிச் சுருக்கமாக: விதை முளைக்க இருபது நாள் ஆச்சு, பொறுமை வேண்டும். நம்ம பக்கத்து மே வெயிலில் பூ பூராவும் கொட்டிவிடும். ஜூன் கடைசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் தொட்டியை ஷெட்டுக்குள் நகர்த்தி, தை மாசம் பழம் பார்க்கலாம். வெள்ளாற்றுப் பக்கத்துக் களிமண்ணில் தரையில் வைத்தால் அடைமழையில் வேர் அழுகிவிடும். தொட்டிதான் வசதி. அந்த வசதிதான் வினையாகவும் போச்சு. ஏனென்றால் ஷெட்டுக்குள் நாகா தொட்டிக்குப் பக்கத்திலேயே அம்மாவின் குண்டு மிளகாய்த் தொட்டிகள்.

அந்தக் குண்டு மிளகாய் கடையில் வாங்கினது இல்லை. கல்யாணமாகி வரும்போது ஆயா முந்தானையில் முடிந்து கொடுத்த விதை என்று அம்மா சொல்வாள். வருஷா வருஷம் நல்ல பழமாக இரண்டு எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாள்.

2023 மார்ச்சில் முதல் சண்டை. "உன் செடி பக்கத்துல வச்சதுல இருந்து என் மொளகா காரம் ஏறிப் போச்சுடா" என்றாள். நான் சிரித்தேன். படித்த திமிர்! ஆனால் அன்றைக்கு நான் சொன்னது சரிதான். அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

மிளகாயில் நாம் தின்னும் தோல், சதை, நடுவில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசை எல்லாமே தாய்ச்செடியின் உடம்பு. பூவின் சூலகம்தான் பருத்துக் காயாகிறது. எந்தச் செடியின் மகரந்தம் வந்து விழுந்தாலும் காயின் குணம் மாறாது. மகரந்தம் போய்ச் சேர்வது விதைக்குள் இருக்கும் கருவில். கேப்சைசின் உருவாவதோ அந்த வெள்ளைத் தசையில். விதையில்தான் காரம் என்பது தவறான நம்பிக்கை, விதை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அதன்மேல் படுகிறது, அவ்வளவுதான். (நாகா மாதிரியான அதிகாரிகள் மட்டும் தோலின் உட்புறச் சுவரிலும் காரத்தைச் சுரக்கும்.) அந்த மார்ச்சில் அம்மாவின் மிளகாய் காரமானதற்கு வெயிலும், நான் சரியாகத் தண்ணீர் விடாததும் காரணமாக இருக்கலாம். வாடின செடி பல சமயம் காரமாகக் காய்க்கும்.

என் தொழில் பாஷையில் சொன்னால், மாற்றம் கோடில் ஏறிவிட்டது, ஆனால் ரிலீஸ் அடுத்த வருஷம்தான். அந்த இரண்டாம் பாதியை நான் யோசிக்கவே இல்லை.

மிளகாய் தன் மகரந்தத்தையே ஏற்கும் செடி, கலக்காது என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கும். நானும் நம்பினேன். பாதி உண்மைதான். தன் மகரந்தத்தில் காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் வேண்டாம் என்று சொல்லாது. வயலில் அளந்து பார்த்த ஆய்வுகளில் கலப்பு 7 சதவீதத்திலிருந்து 91 சதவீதம் வரை வந்திருக்கிறது. எந்த இடம், எந்த ரகம், எவ்வளவு தேனீ என்பதைப் பொறுத்தது. எங்கள் பக்கத்து வீட்டில் முருங்கை பூத்துக்கிடக்கும், தேனீக்குப் பஞ்சமில்லை.

இரண்டும் வேறு வேறு இனமாச்சே, எப்படிக் கலக்கும்? குண்டு மிளகாய் கேப்சிகம் ஆன்னம், நாகா கேப்சிகம் சைனென்ஸ். (சைனென்ஸ் என்றால் சீனத்தது. 1776-ல் பெயர் வைத்த ஜாக்குவின் சீனாவிலிருந்து வந்தது என்று தப்பாக நினைத்துவிட்டார், உண்மையில் தென் அமெரிக்கச் சரக்கு.) இந்த இரண்டும், காந்தாரி வகையறா சேர்ந்த ஃப்ருடெசென்ஸும் நெருங்கின பங்காளிகள். சிரமப்பட்டாவது கலக்கும். நாகாவே சைனென்ஸில் ஃப்ருடெசென்ஸ் கொஞ்சம் கலந்தது என்று அதன் மரபணுவை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆக, 2023-ல் அம்மா டப்பாவில் போட்ட விதையில் சிலது கலப்பு. அடுத்த வருஷம் முளைத்த ஏழு செடியில் ஐந்து பழைய மாதிரி. இரண்டு மட்டும் இலை பெரிசு, காய் கொஞ்சம் நீளம், தோலில் லேசான சுருக்கம். "உரம் அதிகமாயிடுச்சு போல" என்று நான்தான் சொன்னேன். ஏழின் காயையும் ஒன்றாகப் பறித்து, கீறி, மோரில் ஊறவைத்துக் காயவைத்தாயிற்று. கறுத்துச் சுருங்கினபிறகு எது எது என்று யாருக்குத் தெரியும்?

அப்பா விக்கல் நின்ற மறுநாள் ஆத்திரத்தில் ஏழு செடியையும் பிடுங்கிப் போட்டேன், நாகாவையும் சேர்த்து. நான் பண்ணினதிலேயே பெரிய முட்டாள்தனம் அதுதான். அந்த ஐந்து செடி சுத்தமானது. அதன் காய்களில் இருந்த விதை வேண்டுமானால் மறுபடி கலந்திருக்கும். ஆனால் செடியை வைத்திருந்து, புதுப் பூவைப் பை கட்டிக் காய்க்க விட்டிருந்தால் ஆயாவின் விதை திரும்பக் கிடைத்திருக்கும். இது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் செடி சருகு. டப்பாவில் இருந்ததெல்லாம் அந்த வருஷத்து விதை, நம்ப முடியாது. அம்மா ஒன்றும் திட்டவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிற சின்னம்மாவிடம் கேட்கலாம் என்று ஜூனில்தான் ஞாபகம் வந்தது. அம்மாவிடமிருந்து எப்போதோ வாங்கிப்போன விதை. கொல்லையில் இரண்டு செடி இருந்தது, பக்கத்திலேயே பச்சை மிளகாய்ப் பாத்தியும் இருந்தது. பழத்தை வாங்கிவரவில்லை, விதையில் என்ன இருக்கிறதோ. ஒரு செடியையே மண்ணோடு பெயர்த்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது செய்வது இதுதான். நாளைக்கு மலரப்போகும் மொட்டாகப் பார்த்து, கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற வலைத்துணிச் சுருக்குப் பையை அந்தக் கிளைமேல் மாட்டிக் கட்டுகிறேன். காலையில் பையோடு நாலு தட்டு தட்டினால் மகரந்தம் தானாக உதிரும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டவேண்டும். நூல் கட்டின பழம் விதைக்கு, மற்றதெல்லாம் சமையலுக்கு. ஏற்கெனவே மலர்ந்த பூவைப் பைக்குள் விட்டுவிட்டால் எல்லாம் வீண், அதைக் கிள்ளிவிட வேண்டும்.

போன தையில் பதினோரு பழம் நூலோடு கிடைத்தது. முதல் பழத்தை அறுத்ததும் அம்மா நுனியை நாக்கில் வைத்துப் பார்த்து, "இதான்" என்றாள். விதை இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது: பவுடர் டப்பாவில் பாதி, சின்னம்மா வீட்டில் பாதி. நாகா விதையும் என் மேஜை டிராயரில் நாலு மிச்சம் இருக்கிறது. அது அம்மாவுக்குத் தெரியாது.